உச்சி வெயிலில் ட்ரோன்: டேப்லெட் சூடாகாமல் இருக்க எதற்குக் காசு போடலாம்?

பங்குனி பிறந்துவிட்டால் நெல்லைப் பக்கம் ட்ரோன் ஓட்டுகிறவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. ட்ரோன் அனுப்பும் படத்தைப் பார்க்க ரிமோட்டில் மாட்டிய ஐபேட் மங்குகிறது, ட்ரோனுக்கு இரண்டாவது பேட்டரி போடும்போதே சூடு எச்சரிக்கை வந்துவிடுகிறது. கூலர் ஃபேன் வாங்கவா, திரையைச் சுற்றி மாட்டும் ஹூட் வாங்கவா, இல்லை டேப்லெட்டையே விட்டுவிட்டுத் திரை வைத்த ரிமோட்டுக்குப் போய்விடவா?

பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது ஃபேன். உண்மையில் அது இரண்டாவதாக வாங்க வேண்டிய பொருள். முதலில் வேண்டியது நிழல். ஏன் என்பதைக் கீழே உள்ள கணக்கு சொல்லும்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியை எடுத்தாலும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். வெப்பம் உள்ளே வருவதைத் தடுக்கிறதா, வந்த வெப்பத்தை வெளியேற்றுகிறதா? காற்றில் நிற்குமா? கையில், கழுத்தில் எவ்வளவு சுமை ஏற்றுகிறது? விலைச்சீட்டில் இல்லாத செலவு என்ன?

இவற்றுக்கு மேலே ஐந்தாவதாக ஒன்று உண்டு: பறக்கும் நேரம் உங்கள் கையில் இருக்கிறதா? காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளலாம் என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

## வெப்பம் எங்கிருந்து வருகிறது

ஐபேட் மினி 6-ஆம் தலைமுறையின் அளவு 195.4 × 134.8 மி.மீ. பரப்பு சுமார் 263 சதுர செ.மீ. தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். திரை சூரியனை நேராகப் பார்த்தபடி இருந்தால் அதன்மேல் விழுவது 26 வாட். கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

டேப்லெட் தானாக உண்டாக்கும் சூடு எவ்வளவு? அதன் பேட்டரி 19.3 வாட்-மணி. முழு வெளிச்சத்தில் நேரலைப் படம் ஓடி மூன்று மணி நேரத்தில் தீர்கிறது என்று வைத்தால்கூட, அது 6 வாட் சொச்சம்தான். வெயில் ஏற்றும் சூடு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். 10.2 அங்குல ஐபேட் என்றால் பரப்பு 436 சதுர செ.மீ., விழும் வெயில் 44 வாட். பெரிய திரை வேண்டும் என்று வாங்கியதுதான் வெயிலையும் அதிகம் வாங்குகிறது.

இன்னொன்று. ஐபேட் இயங்கலாம் என்று ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. அது நிழலில் உள்ள காற்றின் வெப்பம். பாளையங்கோட்டையில் கோடை மதியம் நிழலிலேயே 38, 39 என்று போகும். அதாவது பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே வரம்பு தாண்டியாயிற்று. அதற்கு மேல் 26 வாட்டை ஏற்றிவிட்டு, முதுகில் சிறு ஃபேன் ஒட்டி இறக்கிவிடலாம் என்றால் நடக்காது.

சூடு ஏறும்போது வரும் அறிகுறிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் திரை தானாக மங்கும், வெளிச்சக் கோடு நூறில் இருந்தாலும் மங்கும். அடுத்து படம் விட்டுவிட்டு ஓடும், சார்ஜ் ஏறுவது நிற்கும். கடைசியில் எச்சரிக்கைத் திரை மட்டும் நிற்கும். முதல் அறிகுறியை வெயில் கூச்சம் என்று நினைத்துக் கடந்துவிடுவதுதான் வழக்கம்.

## கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

இவற்றுக்குச் செலவு கிடையாது. செய்யாமல் எதை வாங்கினாலும் பாதிப் பலன்தான்.

- தடித்த ரப்பர் கவரைக் கழற்றுங்கள். ஐபேடின் அலுமினிய முதுகுதான் சூடு வெளியேறும் வழி.
- ரிமோட்டிலிருந்து டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். செயலியின் கண்ட்ரோல் பகுதியில் போன் சார்ஜிங் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்து கொண்டுபோங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி தனியாக ஒரு அடுப்பு.
- தளத்தின் மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டு சிம் டேட்டா, வைஃபை, புளூடூத் மூன்றையும் அணையுங்கள். மேப் இறக்கும் சாக்கில் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்தப் பறக்கும் மண்டலத்தில் வருகிறது என்றும் பார்த்துவிடலாம். கூடங்குளம், மகேந்திரகிரி பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.
- பதிவு செய்யும்போது டேப்லெட்டிலும் ஒரு பிரதி சேமிக்கும் அமைப்பை நிறுத்துங்கள். திரைப் பதிவும் வேண்டாம்.
- போலராய்டு கண்ணாடியைக் கழற்றுங்கள். அதன் வழியே பார்த்தால் சில கோணங்களில் திரை இருண்டு தெரியும். தெரியவில்லை என்று வெளிச்சத்தை ஏற்றுவோம், சூடும் கூடவே ஏறும்.

நிற்கும் விதமும் முக்கியம். காலையிலும் மாலையிலும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் நிழலே திரைமேல் விழும். மதியம் அது எடுபடாது. சித்திரை பிறக்கும் சமயத்தில் திருநெல்வேலியில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வருகிறது, உச்சிப்பொழுது கடிகாரத்தில் சுமார் 12:20. அந்த நேரத்தில் டேப்லெட்டைப் படுக்கை வாட்டில் பிடித்தால் முழு வெயிலும் ஏறும். 60 டிகிரி நிமிர்த்திப் பிடித்தால் பாதியாகக் குறையும். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கழுத்துப் பட்டை இல்லாமல் பத்து நிமிடம் தாண்டாது.

## நிழல்: மரம், குடை, ஹூட்

மர நிழலுக்கு ஈடு எதுவும் இல்லை. வேம்போ புளியோ, நிழலும் கிடைக்கும், காற்றும் அடைபடாது. ட்ரோனை வெட்டவெளியில் வைத்து ஏற்றுங்கள், அது தன் வீட்டுப்புள்ளியை, அதாவது திரும்பி வர வேண்டிய இடத்தை, அங்கே குறித்துக்கொள்ளும். நீங்கள் மரத்தின் ஓரத்தில், வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். நடுமரத்தடிக்குப் போனால் ட்ரோன் கண்ணுக்குத் தெரியாது, இலைக்கூட்டம் சிக்னலையும் குறைக்கும்.

கரிசல் காட்டில், குவாரியில், தேரியில் மரத்துக்கு எங்கே போவது? அங்கேதான் குடை. கல்யாணப் படம் எடுக்கிறவர்களிடம் லைட் ஸ்டாண்டும் குடை மாட்டும் கிளாம்பும் ஏற்கெனவே இருக்கும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டுடியோவின் வெள்ளை ஊடுருவு குடை வெளிச்சத்தை உள்ளே விடும், அது உதவாது. உள்ளே வெள்ளி, வெளியே கறுப்பு வைத்த குடை பரவாயில்லை. வெளிப்பக்கம் வெள்ளி பூசிய வெயில் குடை அதைவிட மேல். வெள்ளி பூசிய துணி ரிமோட் ஆன்டெனாவுக்கும் ட்ரோனுக்கும் குறுக்கே வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் காலில் 5 கிலோ மணல் மூட்டை கட்டாயம்.

குடையின் பலவீனம் காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில் (மேற்குக் காற்றில்) பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் குடை விரித்தால் மூட்டையோடு சாயும். செங்கோட்டைக் கணவாய்க்கு நேரான தென்காசிப் பக்கமும் அப்படித்தான். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. அந்த மாதங்களில் வேனின் பின்கதவைத் தூக்கி அதன் நிழலில் நிற்பதே சரி. வண்டிக்கு உள்ளே உட்கார்ந்து ஓட்டக் கூடாது. கூரைத் தகடு சிக்னலை மறைக்கும், ட்ரோனும் பார்வையில் இருக்காது.

ஹூட் என்பது திரையைச் சுற்றி மாட்டும் மறைப்பு. கூச்சத்தை அது நன்றாகத் தடுக்கும், சூட்டைப் பாதிதான் தடுக்கும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் உள்ளும் புறமும் கறுப்பு. நாலு பக்கமும் மூடிய கறுப்பு ஹூட்டில் காற்று அடைந்து, திரை தெளிவாகத் தெரிகிறபோதே உள்ளே கொதிக்கும். வாங்குவதானால் மேல்பக்கமும் இரு ஓரங்களும் மட்டும் மூடியதாக, கீழும் பின்னும் திறந்ததாகப் பாருங்கள்.

ஃப்ளெக்ஸ் கடையில் 3 மி.மீ. சன்போர்டு துண்டு வாங்கி நீங்களே செய்யலாம். ஆழம் 15 செ.மீ., வெளிப்பக்கம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், உள்ளே பளபளப்பில்லாத கறுப்புத் தாள், மூலைகளில் வெல்க்ரோ. மேல் பலகைக்கும் திரையின் மேல் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சூடான காற்று மேலே போக அதுதான் வழி, அதை மூடிவிட்டால் செய்ததற்குப் பலனில்லை. எடை குறைவுதான், ஆனாலும் காற்று பிடிக்கும். டேப்லெட் ஹோல்டரின் திருகு தளர்ந்திருந்தால் அப்படியே பின்னால் சாய்ந்துவிடும்.

## ஃபேனும் பெல்டியர் கூலரும்

மொபைல் கடைகளில் கேம் விளையாடுகிற பையன்களுக்காக விற்கும் கூலர்கள் இரண்டு வகை. வெறும் ஃபேன் ஒன்று. தொட்டால் சில்லென்று இருக்கும் பெல்டியர் தகடு வைத்தது இன்னொன்று.

வெறும் ஃபேன் டேப்லெட்டைக் காற்றின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. 39 டிகிரி காற்றை 48 டிகிரி அலுமினியத்தின்மேல் ஊதினால் பலன் உண்டு, ஆனால் அது நிழலில்தான் தெரியும். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் வள்ளியூர்க்காரருக்கு இது தேவையே இல்லை, இயற்கையே ஊதிக்கொண்டிருக்கிறது. அசைவில்லாத சித்திரை மதியத்தில் பாளையிலும் மானூரிலும்தான் ஃபேன் வேலை செய்யும். விரலளவு கிளிப் ஃபேனைவிட, ஸ்டாண்டில் கவ்வி நிற்கும் 5, 6 அங்குல ரீசார்ஜ் ஃபேன் மேல். டேப்லெட்டுக்கும் ஆகும், ஓட்டுகிறவருக்கும் ஆகும்.

பெல்டியரின் விஷயம் வேறு. அதன் ஒரு பக்கம் குளிர, மறுபக்கம் சூடாகும். அந்தச் சூட்டை அதிலுள்ள ஃபேன் வெளியே தள்ள வேண்டும். சுற்றிலும் 40 டிகிரி என்றால் அந்த ஃபேன் திணறும். மறைவான செலவுகளும் இதில் பல.

முதலாவது, கிளிப் போன் அகலத்துக்குச் செய்தது, டேப்லெட்டுக்கு எட்டாது. காந்த வகைக்கு ஒரு தகட்டை முதுகில் ஒட்ட வேண்டும், அந்தப் பசை வெயிலில் இளகி கூலரோடு கழன்று விழும். இரண்டாவது, தனியாகப் பவர் பேங்க் வேண்டும், அதற்கு ஒரு கேபிள், அதைத் தொங்கவிட ஓர் இடம். மூன்றாவது, ஈரம். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் சுமார் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் வியர்க்கும். தகட்டைச் சுற்றி வழியும் நீர் சார்ஜ் துளைக்குள் போனால் ஐபேடுக்கு அது ஆபத்து, ஐபேடுக்கு நீர்காப்புத் தரம் எதுவும் கிடையாது.

பிளாஸ்டிக் முதுகு உள்ள டேப்லெட்டில் பெல்டியர் ஒட்டிய இடம் மட்டும் குளிரும், சிப் அப்படியே கொதிக்கும். அலுமினிய முதுகில் குளிர் பரவும். அதிலும் நடுவில் ஒட்டாமல், அரை மணி நேரம் ஓட்டியபின் எந்த இடம் அதிகம் சுடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து அங்கே ஒட்டுங்கள்.

## ஈரத்துணியும் ஐஸும்

10 மி.லி. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 24 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அது 20 வாட்டை 20 நிமிடம் இறக்குவதற்குச் சமம். மண்பானை குளிர்வதும் இதனால்தான். காசே இல்லாத இந்த முறை உலர்ந்த உள்நாட்டு வெக்கையில் நன்றாகவே எடுபடும், கடலோரத்தில் அவ்வளவாக இல்லை.

ஆனால் பறக்கும்போது செய்யாதீர்கள். பேட்டரி மாற்றும் இடைவேளையில், கேபிளைக் கழற்றி, சார்ஜ் துளை மேலே இருக்கும்படி பிடித்து, நன்கு பிழிந்த துணியால் முதுகை மட்டும் துடைத்து நிழல் காற்றில் காட்டுங்கள். துணியிலிருந்து சொட்டக்கூடாது, அவ்வளவுதான்.

ஐஸ் பேக்கை நேராக ஒட்டுவதும், ஐஸ் பெட்டிக்குள் போடுவதும் வேண்டாம். வெளியே எடுத்த நிமிடமே டேப்லெட்டின் வெளியிலும் உள்ளேயும் வியர்க்கும். தெர்மோகோல் பெட்டியோ சாப்பாட்டு வெப்பக்காப்புப் பையோ ஐஸ் இல்லாமலே உதவும். வீட்டு அறையின் வெப்பத்தோடு டேப்லெட்டைத் தளம் வரை கொண்டுபோகும். காரின் டாஷ்போர்டில் கிடந்து வரும் டேப்லெட் முதல் பேட்டரியிலேயே மங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

## திரை வைத்த ரிமோட்

டிஜேஐ நிறுவனத்தின் ஆர்சி, ஆர்சி 2 ரிமோட்டுகள் இரண்டின் திரையும் 5.5 அங்குலம், 700 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு). ஆர்சி ப்ரோ அதே அளவில் 1000 நிட்ஸ். ஐபேட் மினி 500 நிட்ஸ். வெளிச்சம் கூடுதல், பரப்பு சிறியது, கேபிள் இல்லை, பின்னணியில் வாட்ஸப் ஓடாது. வெயிலில் நாள் முழுக்க நிற்கிற வேலைக்கு இதுவே நேரான தீர்வு.

சூடே ஆகாது என்று மட்டும் நினைக்க வேண்டாம். இவற்றின் வரம்பும் 40 டிகிரிதான், ஐபேடைவிட 5 டிகிரி அதிகம், அவ்வளவே. 50 டிகிரி வரம்பு வேண்டுமென்றால் ஆர்சி ப்ளஸ் வகைக்குப் போக வேண்டும். அது 7 அங்குலம், 1200 நிட்ஸ், பெரிய தொழில்முறை ட்ரோன்களோடு வருவது.

மறைவான செலவு இங்கேதான் பெரிது. ஒரு ட்ரோனுக்கு வாங்கிய ரிமோட் அடுத்த ட்ரோனுக்கு ஆகும் என்று உறுதி இல்லை. மினி 3 ப்ரோ ட்ரோனோடு வாங்கிய ஆர்சி, ஏர் 3 ட்ரோனுடன் சேராது. ஐபேட் பல ட்ரோன்களுக்கு ஆகும், வேலை இல்லாத நாளில் பில் போடவும் ஆகும். இந்தியாவில் 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், ரிமோட் பழுதானால் எங்கே கொடுப்பது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 5.5 அங்குலத்தில் வெடிப்பு, துரு, பூச்சி தாக்கிய திட்டு போன்றவற்றைக் கண்டுபிடிக்கவும் கண் கஷ்டப்படும்.

டேப்லெட்டுக்குப் பதில் போன் வைத்தால்? பரப்பு ஏறக்குறைய 105 சதுர செ.மீ., வெயிலும் 10 வாட்தான் ஏறும். திரை இல்லாத ஆர்சி-என்1 ரிமோட்டின் பிடியிலேயே உட்காரும் (180 × 86 மி.மீ. வரை), தனி ஹோல்டர் வேண்டாம். கையில் நல்ல போன் இருந்தால் ரிமோட் வாங்கும் முன் ஒரு மதியம் இதைச் சோதித்துப் பாருங்கள். அழைப்பு வந்தால் படம் மறையும், ஏரோப்ளேன் மோடு கட்டாயம்.

## ஒரே பார்வையில்

| வழி | சூட்டை என்ன செய்கிறது | காற்றில் | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மரம், வேன் கதவு நிழல் | வெயிலை முழுதும் தடுக்கும் | நிற்கும் | இடம் தேடும் நேரம் | எல்லோருக்கும் |
| குடை, ஸ்டாண்ட் | வெயிலை முழுதும் தடுக்கும் | ஆனி, ஆடியில் ஆகாது | மணல் மூட்டை, கூட ஒரு ஆள் | குவாரி, சர்வே |
| ஹூட் | திரைமேல் வெயிலைத் தடுக்கும், காற்றை அடைக்கும் | ஓரளவு | ஹோல்டர் தளரும் | நடந்துகொண்டே எடுப்பவர் |
| ஃபேன் | உள் சூட்டை இறக்கும் | காற்று இருந்தால் தேவையில்லை | தூசி, சார்ஜ் | அசைவற்ற உள்நாட்டு மதியம் |
| பெல்டியர் | ஓரிடத்தை நன்றாகக் குளிர்விக்கும் | பாதிப்பில்லை | பவர் பேங்க், நீர் வியர்ப்பது | உள்நாடு, அலுமினிய முதுகு |
| திரை ரிமோட் | பரப்பு குறைவு, வெளிச்சம் அதிகம் | நிற்கும் | விலை, பழுது, வேறு ட்ரோனுக்கு ஆகாமை | தினமும் மதியம் பறப்பவர் |

## எந்த வேலைக்கு எது

நெல்லுக்கு மருந்தடிப்பது கார் பருவமோ பிசானப் பருவமோ, அதிகாலையிலும் சாயங்காலமும்தான் நல்லது. வெயிலில் அடித்தால் மருந்து இலையில் நிற்கும் முன்பே காய்ந்துபோகும். விவசாய ட்ரோன்களில் பெரும்பாலும் திரையும் ரிமோட்டோடு சேர்ந்தே வரும். இவர்கள் எதையும் வாங்க வேண்டாம், தலைக்கு ஒரு துண்டு போதும்.

வைகாசி முகூர்த்தம் எடுப்பவருக்கு ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம்தான் பறப்பு. ஹூட்டும் மண்டபத்து நிழலும் போதும். டேப்லெட்டை இடைவேளையில் ஏசி அறையில் வைத்திருந்து எடுங்கள். ஏசியின் வாய்க்கு நேரே மட்டும் வைக்காதீர்கள்.

குவாரி அளப்பவர்கள், நிலம் அளப்பவர்கள் நிழல் குறுகியிருக்கும் உச்சிப்பொழுதையே விரும்புவார்கள். திட்டமிட்ட பாதையில் ட்ரோன் தானாக ஓடுவதால் கையில் பிடித்தே நிற்க வேண்டியதில்லை. குடை, ஸ்டாண்ட், நடுத்தர ஃபேன் மூன்றும் சேர்ந்தால் ஐபேடே தாங்கும். ஸ்டாண்டில் வைத்தாலும் ஸ்டிக்குக்குக் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

சோலார் பேனல்களைத் தெர்மல் கேமராவில் பார்ப்பவர்களுக்குத் தப்பிக்க வழியே இல்லை. இந்தச் சோதனைக்கான ஐஇசி 62446-3 என்ற சர்வதேசத் தரநிலைப்படி பேனலின்மேல் சதுர மீட்டருக்குக் குறைந்தது 600 வாட் வெயில் விழ வேண்டும். வெயில் குறைந்தால் வேலையே செல்லாது. சுற்றிலும் பேனல்கள், நிழலுக்கு மரமும் இருக்காது. இந்த வேலையை மாதத்தில் நான்கைந்து நாள் செய்கிறவர் யோசிக்காமல் தொழில்முறைத் திரை ரிமோட்டுக்குப் போகலாம்.

## நடுவானில் திரை போனால்

பலர் தவறாக நினைத்திருப்பது இதுதான்: டேப்லெட் அணைந்தால் ட்ரோன் தானாகத் திரும்பிவிடும் என்று. திரும்பாது. டேப்லெட் படத்துக்கு மட்டும்தான், ட்ரோனோடு பேசுவது ரிமோட். ரிமோட் உயிரோடு இருக்கும்வரை சிக்னல் அறுந்ததாக ட்ரோன் எடுத்துக்கொள்ளாது. கையால் ஓட்டிக்கொண்டிருந்தால், பேட்டரி குறையும்வரை அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்கும். திரை வைத்த ரிமோட் சூட்டில் முழுதாக அணைந்தால்தான் சிக்னல் அறுந்து, முன்பே அமைத்தபடி திரும்பி வரும்.

ஆகவே திரை போனதும் ஸ்டிக்கை விடுங்கள், ட்ரோன் நிற்கும். வானத்தில் அதைக் கண்ணால் பிடியுங்கள். ரிமோட்டில் வீடு திரும்பும் பொத்தானை பீப் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். இறங்கும்போது ஸ்டிக்கால் திருத்திக்கொள்ளலாம்.

இது சரியாக நடக்க, திரும்பும் உயரத்தைப் பறக்கும் முன்பே அமைத்திருக்க வேண்டும். பனை 30 மீட்டர் வரை வளரும், பனங்காட்டுப் பக்கம் 45 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். காற்றாலைப் பக்கம் உயரம் உதவாது. புதிய காற்றாலைகளின் இறக்கை நுனி, ட்ரோன் வரைபடத்தின் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதியில்) அனுமதிக்கப்பட்ட 120 மீட்டரைத் தாண்டும். அங்கே ட்ரோன் வேலை செய்யும் இடத்துக்கும் ஏறிய இடத்துக்கும் நடுவில் கோபுரம் வராதபடி ஏற்றும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

ட்ரோன் இறங்கியபின் டேப்லெட்டின் கேபிளைக் கழற்றி, அணைத்து, முதுகு மேலே இருக்கும்படி நிழலில் வையுங்கள். உடனே சார்ஜில் போடாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சுட்டால் அடுத்த பேட்டரியை மாட்ட வேண்டாம்.